அலகு பெரிசானால் எண் சிறிசு

போன இதழில் ஆறாம் வகுப்பு அளவைகள் பாடத்தைப் பற்றி நாலு வரி எழுதிவிட்டு, சந்தேகம் இருந்தால் கேளுங்கள் என்று முடித்திருந்தேன். வந்திருக்கிற கடிதங்களைப் பார்த்தால் பிள்ளைகளைவிடப் பெற்றோருக்குத்தான் இந்தப் பாடத்தில் பயம் அதிகம் போலிருக்கிறது. ஒரே மாதிரி வந்த கேள்விகளைச் சேர்த்துவிட்டேன். உங்கள் கேள்வி அப்படியே வரவில்லையே என்று கோபிக்க வேண்டாம்.

கேள்வி: என் மகன் ஆறாம் வகுப்பு. கிலோ, ஹெக்டோ, டெகா, மீட்டர், டெசி, சென்டி, மில்லி என்று படிக்கட்டு போட்டு மனப்பாடமாகச் சொல்கிறான். ஆனால் 350 செ.மீ.யை மீட்டராக மாற்று என்றால் 35,000 மீ. என்று எழுதி வைக்கிறான். எப்போது பெருக்குவது, எப்போது வகுப்பது என்பதே அவனுக்குப் பிடிபடவில்லை. (ஒரு அம்மா, நாமக்கல்)

அந்தப் படிக்கட்டை நானும் முப்பது வருஷம் பலகையில் வரைந்தவன்தான், அதனால் அதைக் குறை சொல்ல எனக்குக் கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது. ஆனாலும் சொல்கிறேன்: படிக்கட்டு ஏறினால் வகுக்கணும், இறங்கினால் பெருக்கணும் என்று சொல்லிக் கொடுத்த பிள்ளைகளில் பாதிப் பேர் பரீட்சை ஹாலில் உட்கார்ந்து, ஏறினால் பெருக்கலா வகுத்தலா என்று யோசித்துக்கொண்டிருப்பார்கள். விதி ஞாபகத்தில் இல்லையென்றால் பிடித்துக்கொள்ள அவர்களிடம் வேறு எதுவும் இருக்காது.

படிக்கட்டை ஒரு வாரம் மூட்டை கட்டி வையுங்கள். கடையில் சில்லறை மாற்றுவதை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே ஒரு ஐந்நூறு ரூபாய் நோட்டைக் கொடுத்து பத்து ரூபாய்க் காசாக வாங்கினால் கை நிறைய ஐம்பது காசு வரும். பணம் கூடிவிட்டதா? இல்லை. காசு சின்னது, அதனால் எண்ணிக்கை கூடுகிறது, அவ்வளவுதான். ஐம்பது காசைத் திருப்பிக் கொடுத்தால் ஒரே நோட்டு. சென்டிமீட்டர் சில்லறை, மீட்டர் நோட்டு. 350 சில்லறையைக் கொடுத்து நோட்டு வாங்கும்போது கைக்கு வருவது குறையத்தானே வேண்டும்? அப்படியானால் 350-ஐவிடச் சின்ன எண் வரணும். வகுத்தல்தான். விடை 3.5 மீ.

கணக்கைத் தொடுவதற்கு முன்னாலேயே "எண் பெரிசாகுமா, சிறிசாகுமா?" என்று வாயால் சொல்ல வையுங்கள். சொன்ன பிறகுதான் பென்சில் எடுக்கணும். என் அனுபவத்தில் இந்த ஒரு பழக்கத்துக்கே தப்புகளில் பெரும்பாதி ஓடிவிடும்.

அப்புறம் இன்னொன்று. 35,000 மீட்டர் என்று எழுதிய பையனுக்கு அது எவ்வளவு தூரம் என்பது தெரியவில்லை, அதுதான் நிஜமான கோளாறு. 35,000 மீட்டர் என்றால் 35 கிலோமீட்டர், உங்கள் ஊரிலிருந்து கிளம்பினால் கரூரை நெருங்கிவிடலாம். ஒரு துணியோ மேசையோ அத்தனை நீளம் இருக்குமா என்று கேளுங்கள், அவனே சிரித்துவிடுவான். ஒவ்வோர் அலகுக்கும் வீட்டிலேயே ஒரு சாட்சி வேண்டும். ஏ.டி.எம். கார்டின் கனம் ஒரு மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. அவனுடைய சுண்டுவிரல் நகத்தின் அகலம் கிட்டத்தட்ட ஒரு சென்டிமீட்டர். தரையிலிருந்து கதவுப் பிடி வரை ஏறக்குறைய ஒரு மீட்டர் (உங்கள் வீட்டுக் கதவை அளந்தே பார்த்துவிடுங்கள், தச்சர் எப்படி வைத்தாரோ). பன்னிரண்டு நிமிஷத்திலிருந்து பதினைந்து நிமிஷம் நடந்தால் ஒரு கிலோமீட்டர். இந்த நாலும் உடம்பில் ஏறிவிட்டால் படிக்கட்டைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம், அப்போது அது உதவும்.

கேள்வி: ஹெக்டோ, டெகா, டெசி இதெல்லாம் யார் பயன்படுத்துகிறார்கள்? எந்தக் கடையிலும் "ரெண்டு டெகாகிராம் பருப்பு கொடுங்க" என்று யாரும் கேட்பதில்லை. எதற்காக வீணாகக் கற்பிக்கிறோம்? (நடுநிலைப்பள்ளி ஆசிரியை, விருதுநகர் மாவட்டம்)

டெகாவைப் பொறுத்தவரை உங்கள் கட்சிதான் நான். நம் ஊரில் நானும் எங்கேயும் பார்த்ததில்லை.

மற்ற இரண்டும் நம் கண்ணெதிரிலேயே இருக்கின்றன டீச்சர். வகுப்பில் யாருடைய தாத்தா பாட்டிக்காவது சர்க்கரை இருக்கும், அந்த லேப் ரிப்போர்ட்டைக் கொண்டுவரச் சொல்லுங்கள். எண்ணுக்குப் பக்கத்தில் மி.கி./டெ.லி. என்ற பொருளில் ஒரு அலகு அச்சாகியிருக்கும். டெசிலிட்டர், அதாவது லிட்டரில் பத்தில் ஒரு பங்கு, 100 மில்லி. "சுகர் 120" என்று ஊரே பேசுகிறதே, அது ஒரு டெசிலிட்டர் ரத்தத்துக்கு 120 மில்லிகிராம். இதை வைத்தே ஒரு பீரியட் ஓட்டலாம்: ஒரு லிட்டருக்கு எவ்வளவு? 1,200 மி.கி., அதாவது 1.2 கிராம். பெரியவர்கள் உடம்பில் சுமார் ஐந்து லிட்டர் ரத்தம் என்று வைத்தால் மொத்தம் 6 கிராம், ஒரு டீஸ்பூன் சர்க்கரைக்குக் கொஞ்சம் மேல். உடம்பு முழுக்க ஓடுவதே அவ்வளவுதானா என்று பிள்ளைகள் வாயைப் பிளப்பார்கள்.

ஹெக்டோ என்றால் நூறு மடங்கு, அதற்கு ஹெக்டேர் இருக்கிறது. ஏர் என்பது 100 சதுர மீட்டர், ஹெக்டேர் என்பது நூறு ஏர். புயல் நேரத்து வானிலை அறிக்கையில் ஹெக்டோபாஸ்கல் என்று காற்றழுத்தத்தைச் சொல்வதும் அதே ஹெக்டோதான்.

கேள்வி: நான் கட்டட வேலை செய்கிறேன். ஏழாவது படிக்கும் மகன் 1 சதுர மீட்டர் = 100 சதுர சென்டிமீட்டர் என்று எழுதித் தப்பு வாங்கி வந்தான். ஒரு மீட்டருக்கு நூறு சென்டிமீட்டர் என்றால் அதுதானே சரி என்று எனக்கே குழப்பம். அப்படியே பட்டாவில் 0-12.50 என்று போட்டிருப்பது எத்தனை சென்ட் என்றும் சொல்லுங்கள். (சேலம்)

உங்கள் கேள்விக்கு உங்கள் தொழிலிலேயே பதில் இருக்கிறது. ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர் இடம். அதில் ஒரு சென்டிமீட்டர் அளவுள்ள குட்டி டைல்ஸ் பதிக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் வரிசைக்கு எத்தனை டைல்? நூறு. ஒரு வரிசையோடு வேலை முடிந்ததா? அந்த மாதிரி நூறு வரிசை போட வேண்டாமா? ஆக நூறு தடவை நூறு, 10,000. மகன் ஒரு வரிசை பதித்துவிட்டுக் கூலி கேட்கிறான்!

நாளிதழ் தாள்களை ஒட்டி ஒரு மீட்டர் சதுரம் வெட்டித் தரையில் விரியுங்கள், ஓர் ஓரத்தில் மட்டும் சென்டிமீட்டர் கட்டம் ஒரு வரிசை வரையச் சொல்லுங்கள். பத்து கட்டம் வரைவதற்குள் அவனுக்கு விஷயம் புரிந்து, மீதியை வரைய மாட்டேன் என்று எழுந்துவிடுவான். கன அளவு வந்தால் இதே போல அடுக்கும் சேரும்: நூறு அடுக்கு, 10 லட்சம் கன சென்டிமீட்டர். ஆயிரம் கன சென்டிமீட்டர் ஒரு லிட்டர் என்பதால் ஒரு கன மீட்டருக்கு 1,000 லிட்டர். மொட்டை மாடியில் ஆயிரம் லிட்டர் டேங்க் இருந்தால் அதைக் காட்டி, இதிலிருக்கும் தண்ணீரைச் சதுரப் பெட்டியில் ஊற்றினால் எல்லாப் பக்கமும் ஒரு மீட்டர் என்று சொல்லிவிடலாம். சைட்டில் நீங்கள் கம்பியை மில்லிமீட்டரில் சொல்லி, செங்கல்லை இன்ச்சில் சொல்லி, மணலை யூனிட்டில் (நூறு கன அடி) இறக்கி, சிமென்ட்டை ஐம்பது கிலோ மூட்டையில் எண்ணுகிறீர்கள். ஒரே நாளில் இத்தனை அலகில் புழங்குகிறவர் கணக்கு வராது என்று சொல்லக்கூடாது. லீவு நாளில் மகனைக் கூட்டிப்போய் எழுத வையுங்கள்.

பட்டாவுக்கு வருகிறேன். அது சென்ட் இல்லை, ஹெக்டேர்-ஏர். 0-12.50 என்றால் ஹெக்டேர் பூஜ்யம், 12.50 ஏர், அதாவது 1,250 சதுர மீட்டர். ஒரு சென்ட் 435.6 சதுர அடி, சதுர மீட்டரில் 40.47. வகுத்துப் பாருங்கள், 31 சென்ட்டுக்குக் கொஞ்சம் குறைவாக வரும். இதைப் பன்னிரண்டரை சென்ட் என்று படித்தால் பாதிக்கு மேல் நிலம் காணாமல் போய்விடும், ஜாக்கிரதை.

கேள்வி: விடை 24 என்று சரியாகத்தான் போட்டேன். மீட்டர் என்று எழுதவில்லை என்று அரை மார்க் குறைத்துவிட்டார்கள். இது நியாயமா? (எட்டாம் வகுப்பு மாணவி, தஞ்சாவூர்)

அரை மார்க்தானே போனது என்று சந்தோஷப்படு பாப்பா. ஒரு விமானம் இதனால் நடுவானில் நின்றிருக்கிறது.

1983 ஜூலை 23. கனடாவில் மான்ட்ரியலிலிருந்து எட்மன்டனுக்குப் போகவேண்டிய ஏர் கனடா போயிங் 767. அந்த நாடு அப்போதுதான் பழைய அளவுகளிலிருந்து மெட்ரிக்குக்கு மாறிக்கொண்டிருந்தது. எரிபொருள் காட்டும் கருவி வேலை செய்யாததால் கையால் கணக்குப் போட்டார்கள். பயணத்துக்குத் தேவை 22,300 கிலோகிராம், தொட்டியில் ஏற்கனவே இருந்தது 7,682 லிட்டர். லிட்டரை எடையாக்க 1.77-ஆல் பெருக்கினார்கள். அங்கேதான் சறுக்கியது. 1.77 என்பது ஒரு லிட்டருக்கு எத்தனை பவுண்டு என்ற எண். கிலோவுக்கு வேண்டியது சுமார் 0.8. எல்லாரும் "1.77" என்ற எண்ணை மட்டும் பார்த்தார்கள், அதன் வால் எது என்று பார்க்கவில்லை.

நீயே போட்டுப் பார். 7,682-ஐ 1.77-ஆல் பெருக்கி 22,300-லிருந்து கழி, மீதியை 1.77-ஆல் வகு. 4,917 லிட்டர் வரும், அதைத்தான் ஊற்றினார்கள். இப்போது 1.77-க்குப் பதில் 0.803 வைத்துப் போடு, இருபதாயிரம் லிட்டருக்கு மேல் வரும். ஆக விமானம் 22,300 கிலோவுக்குப் பதில் 22,300 பவுண்டோடு கிளம்பியது, பாதிக்கும் குறைவு. 41,000 அடி உயரத்தில் போகும்போது எரிபொருள் தீர ஆரம்பித்தது. விமானி அதை இன்ஜின் இல்லாத கிளைடர் விமானம் மாதிரி மிதக்கவிட்டு, கிம்லி என்ற இடத்திலிருந்த பழைய விமானப்படைத் தளத்தில் இறக்கினார். யாரும் சாகவில்லை.

உன் டீச்சர் குறைத்தது நியாயம்தான். வேண்டுமானால் இந்தக் கதையை வகுப்பில் சொல்லிக் கைதட்டு வாங்கிக்கொள்.

கேள்வி: காலை 7.40-க்குக் கிளம்பிய பஸ் 11.15-க்குப் போய்ச் சேர்ந்தால் பயண நேரம் எவ்வளவு என்று கேட்டால் என் மகள் 3.75 மணி என்கிறாள். கால்குலேட்டரும் அதையே சொல்கிறது! (திண்டுக்கல்)

கால்குலேட்டர் மேல் தப்பில்லை, நடுவில் நாம் வைக்கிற அந்தப் புள்ளி மேல்தான் தப்பு. நேரத்தை 7.40 என்று எழுதுவது நம் வழக்கம், அது தசமப் புள்ளி இல்லை, வெறும் பிரிக்கிற கோடு மாதிரி. பிள்ளைக்கு அது எப்படித் தெரியும்? கொஞ்ச நாளைக்கு 7 மணி 40 நிமிஷம் என்றே எழுதச் சொல்லுங்கள்.

கழிக்கவே வேண்டாம், மளிகைக் கடைக்காரர் பாக்கிச் சில்லறை எண்ணித் தருகிற மாதிரி ஏறிப் போகலாம்: 7.40-லிருந்து 8 வரை 20 நிமிஷம், 8-லிருந்து 11 வரை 3 மணி, அப்புறம் 15 நிமிஷம். மொத்தம் 3 மணி 35 நிமிஷம். 3.75 மணி என்பது உண்மையில் 3 மணி 45 நிமிஷம், ஏனென்றால் 0.75 மணி என்றால் முக்கால் மணி.

இந்தப் புள்ளி ஏமாற்றுகிற இடங்கள் நிறைய. உயரம் 5.6 என்று சொல்கிறோம், அது 5 அடி 6 அங்குலம், கணக்குப்படி ஐந்தரை அடி. கிரிக்கெட் பார்க்கிற பிள்ளையாக இருந்தால் இன்னும் சுலபம். 4.3 ஓவர் என்றால் நாலு ஓவர் மூன்று பந்து, 27 பந்து, அதாவது நாலரை ஓவர். 4.3-க்கு அப்புறம் 4.4, 4.5, அடுத்தது 5 ஆகிவிடுகிறதே, ஏன் 4.6, 4.7 வரவில்லை என்று கேளுங்கள். பதில் டக்கென்று வரும். அதே பதில்தான் நிமிஷத்துக்கும், ஆறுக்குப் பதில் அறுபது.

கேள்வி: 1 லிட்டரும் 1 கிலோவும் ஒன்றுதானே? (ஈரோடு)

தண்ணீருக்கு மட்டும். சமையல் எண்ணெய் பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்கள், 1 லிட்டர் என்று போட்டுப் பக்கத்தில் 910 கிராம் போல ஏதாவது இருக்கும். எண்ணெய் தண்ணீரைவிட லேசு. செக்கில் கிலோ கணக்கில் வாங்கினால் லிட்டர் கணக்கைவிடக் கொஞ்சம் கூடவே கிடைக்கும், விலையை ஒப்பிடும்போது இதை மறக்காதீர்கள். கிலோவை மில்லியாக மாற்றச் சொல்லும் கணக்கு வந்தால், எந்தப் பொருள் என்று கேட்காமல் போடவே கூடாது.

கேள்வி: படி, மரக்கால், கலம் என்று நாங்கள் படித்த அளவுகளைப் பேரன் கேலி செய்கிறான். அதெல்லாம் இனிப் பிரயோஜனமே இல்லையா? (ஒரு தாத்தா, திருவாரூர்)

கேலி செய்கிறவனுக்கு ஒரு கணக்கு கொடுங்கள் ஐயா. இரண்டு ஆழாக்கு ஒரு உழக்கு, இரண்டு உழக்கு ஒரு உரி, இரண்டு உரி ஒரு படி, எட்டுப் படி ஒரு மரக்கால், பன்னிரண்டு மரக்கால் ஒரு கலம். கலத்துக்கு எத்தனை ஆழாக்கு? 96 படி, படிக்கு எட்டு ஆழாக்கு, 768. பேரன் இதைப் போட்டு முடித்த பிறகு, பத்து பத்தாகப் போகும் மெட்ரிக் எவ்வளவு சுலபம் என்று அவனாகவே சொல்வான். உங்களுக்கும் மரியாதை கூடும்.

படியின் அளவு ஊருக்கு ஊர் மாறியதுதான் அதன் சங்கடம். 1956-இல் எடை அளவுச் சட்டம் கொண்டுவந்து, நாடு முழுக்க மெட்ரிக்குக்கு மாற ஆரம்பித்ததற்கு இப்படிப்பட்ட குழப்பமும் ஒரு காரணம். 1957 ஏப்ரல் 1-ஆம் தேதி ரூபாய்க்குப் பதினாறு அணா போய் நூறு நயா பைசா வந்தது. அந்த நாளில் மிட்டாய்க் கடையில் நடந்த சண்டை உங்களுக்கு ஞாபகமிருந்தால் அதையும் சொல்லுங்கள், கேட்க ஆசையாக இருக்கிறது.

கேள்வி: செய்தியில் அணைக்கு 12,000 கனஅடி நீர்வரத்து, இருப்பு இத்தனை டி.எம்.சி. என்று சொல்கிறார்கள். ஏழாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் புரியும்படி இதைக் கணக்காக்க முடியுமா? (ஆசிரியர், தருமபுரி)

அருமையான கேள்வி சார், பாடப்புத்தகக் கணக்கைவிட இது நூறு மடங்கு மேல். கனஅடி என்று செய்தியில் சொல்வது விநாடிக்கு இத்தனை கனஅடி என்பதைத்தான், "விநாடிக்கு" என்பதைச் சில சமயம் விழுங்கிவிடுகிறார்கள். ஒரு டி.எம்.சி. ஆயிரம் மில்லியன் கனஅடி, நம் கணக்கில் 100 கோடி. ஒரு நாளைக்கு 86,400 விநாடி. 12,000-ஐ அதனால் பெருக்கினால் 103 கோடியே 68 லட்சம் கனஅடி, ஒரு டி.எம்.சி.க்குச் சற்று மேல். மேட்டூர் அணை 120 அடி நிரம்பினால் 93.47 டி.எம்.சி. ஆக, காலி அணையில் இதே அளவு வந்துகொண்டே இருந்து, ஒரு சொட்டும் வெளியே விடாவிட்டால் நிரம்ப எத்தனை நாள்? கிட்டத்தட்ட 90. லிட்டரில் வேண்டும் என்றால் ஒரு கனஅடி சுமார் 28.3 லிட்டர், ஒரு டி.எம்.சி. 2,830 கோடி லிட்டர். பூஜ்யம் எண்ணுவதிலேயே நல்ல பயிற்சி.

மழையையும் விடாதீர்கள். 7 செ.மீ. மழை என்றால், ஓடாமல் தேங்கினால் 7 செ.மீ. உயரம் நிற்கும் என்று அர்த்தம். ஆயிரம் சதுர அடி மொட்டை மாடி சுமார் 92.9 சதுர மீட்டர். 0.07 மீட்டரால் பெருக்கினால் ஆறரை கன மீட்டர், 6,500 லிட்டர். அதே தெருவில் கோடையில் தண்ணீர் லாரிக்குக் காசு கொடுத்தது எவ்வளவு என்று பிள்ளைகளே விசாரித்து வந்து சொல்லட்டும்.

கேள்வி: பூக்கார அம்மாவின் முழம் ஏன் எப்போதும் சின்னதாகவே இருக்கிறது? (ஆறாம் வகுப்பு மாணவன், மதுரை)

முழம் என்பது முழங்கையிலிருந்து நடுவிரல் நுனி வரை தம்பி. யார் கை என்று யாரும் சொல்லவில்லையே! உன் வகுப்பில் எல்லாரும் அவரவர் முழத்தால் ஒரே பெஞ்சை அளந்து எழுதுங்கள். குட்டைக் கைக்காரனுக்குத்தான் அதிக முழம் வரும், அலகு சிறிசானால் எண் பெரிசு. அப்புறம் ஸ்கேல் வைத்து அளந்தால் எல்லாருக்கும் ஒரே விடை வரும். ஆனால் மல்லிகை வாங்கப் போகும்போது மட்டும் ஸ்கேலை நீட்டிவிடாதே, அந்த அம்மா கொசுறாகப் போடும் நாலு பூவும் கிடைக்காது.